நோயாளிக்குச் சொல்லிவிடுங்கள்

நமது ஊர்களில் புற்றுநோய் என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. "பெரிய வருத்தம்" என்போம். அதையும் நோயாளியின் காதில் விழாமல்தான் சொல்வோம். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் சிலாபத்திலும் பல வீடுகளில் இதுதான் வழக்கம். கேட்டால் மனம் உடைந்துவிடும் என்ற இரக்கம் ஒரு காரணம். பெண்பிள்ளை என்றால் நாளை வரப்போகும் கலியாணப் பேச்சு இன்னொரு காரணம். ஆனால் இந்த இரக்கம் சில நோய்களில் நோயாளிக்கே தீங்காக முடிகிறது என்பது என் கருத்து. நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோயை வைத்து அதை விளக்குகிறேன்.

உயிரியல் படிக்கும் மாணவிகளுக்குத் தெரியும், நமது உடற்கலம் ஒவ்வொன்றிலும் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. நமது மீனவர்கள் நைலோன் கயிற்றை வெட்டியதும் அதன் நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் பிரி பிரியாக அவிழ்ந்துவிடும். டெலோமியரும் அப்படியொரு காப்புத்தான். கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் அது சற்றுக் குறுகும். அளவுக்கு மேல் குறுகினால் கலம் பிரிவதை நிறுத்திவிடும். இதைக் கண்டறிந்த எலிசபெத் பிளாக்பேர்ன், கரோல் கிரைடர், ஜெக் ஷொஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் இருவர் பெண்கள்.

வெண்குருதிப் புற்றுநோயில் நோயுற்ற கலங்கள் ஓயாமல் பிரிகின்றன. ஆகவே அவற்றின் டெலோமியர்கள் குறுகிக் கிடக்கின்றன. நாட்பட்ட நிணநீர்க்கல வகையில், டெலோமியர் குறுகியவர்களுக்குச் சிகிச்சை விரைவில் தேவைப்படுவதையும் அவர்களது வாழ்நாள் சராசரியாகக் குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நாட்பட்ட மச்சைக்கல வகையில், நோய் முற்றிய நிலையை நெருங்கும்போது அந்த நீளம் இன்னும் குறைகிறது.

அப்படியென்றால் ஒரு துளி இரத்தத்தில் ஆயுளை அளந்துவிடலாமா? முடியாது. ஆய்வு சொல்வது நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியை மட்டுமே. வளிமண்டலவியல் திணைக்களம் கடல் கொந்தளிக்கும் என்று அறிவித்தால், இன்னாருடைய படகு கவிழும் என்று அது சொல்லவில்லை. ஆயத்தமாகுங்கள் என்றே சொல்கிறது. வைத்தியரின் முன்கணிப்பும் அத்தகையதே. அஜல் அல்லாஹ்வின் கையில் என்று நம்புகிற நாம் இந்த எண்களுக்கு அஞ்சத் தேவையில்லை. அலட்சியம் செய்யவும் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். மச்சைக்கல வகையில் மருந்து வேலை செய்து நல்ல கலங்கள் திரும்பி வரும்போது, இரத்தத்தில் அளக்கப்படும் டெலோமியர் நீளமும் மீண்டும் கூடுகிறது. ஆக, அந்த எண்ணே மாறக்கூடியது.

இந்த வகை நோய் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறுவதால் உண்டாகிறது. முன்னர் இதைக் கண்டறிந்தபின் பலர் 3 முதல் 5 ஆண்டுகளே வாழ்ந்தனர். 2001இல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. அதை ஆரம்பத்திலேயே தொடங்கிய நோயாளிகளில் ஏறத்தாழ 83 சதவீதத்தினர் பத்து ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்ததாக 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஆனால் மாத்திரையை நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். 2010இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாத்திரைகளைத் தவறவிட்டவர்களுக்கு மருந்தின் பலன் பெரிதும் குறைந்திருந்தது. என் வாதம் இங்கேதான் இருக்கிறது. தனக்கு என்ன நோய் என்றே தெரியாத ஒருவர், உடம்பு சுகமானதும் ஏன் மாத்திரை எடுக்கப் போகிறார்? "இரத்தக் குறைவுக்கு மருந்து" என்று சொல்லி வைத்தால், இரத்தம் கூடியதும் நிறுத்திவிடுவார். நோன்பு மாதத்தில் வைத்தியரைக் கேட்காமலே விட்டுவிடுவார். யாரோ கருஞ்சீரகம் போதும் என்றால் அதற்கு மாறிவிடுவார். கருஞ்சீரகத்தை நான் குறை கூறவில்லை. அதற்காக மாத்திரையைக் கைவிடக்கூடாது என்கிறேன்.

இந்த மாத்திரை ஏழைகளின் கைக்கு எட்டுவதற்காக ஒரு போராட்டமே நடந்தது. இந்தியாவில் நோவார்ட்டிஸ் நிறுவனம் இதற்குக் காப்புரிமை கேட்டபோது, 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால் அந்த நிறுவனத்தின் விலையில் மாதம் ஏறத்தாழ ஒரு இலட்சத்து இருபதாயிரம் இந்திய ரூபாயான மருந்தை, உள்ளூர்க் கம்பனிகள் பத்தாயிரத்துக்கும் குறைவாக விற்க முடிந்தது. இவ்வளவு பாடுபட்டு மலிவாக்கிய மருந்தை, நமது மௌனம் வீணாக்கலாமா?

கலியாணம் கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவது எனக்கு விளங்குகிறது. நானும் ஒரு பெண்பிள்ளைதான். ஆனால் இமாட்டினிப் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. அதை எடுக்கும் பெண், தாயாவதற்கு முன்பே வைத்தியரிடம் பேச வேண்டும். கணவருக்கும் மாமிக்கும் மறைத்த நோய்க்கு அந்தப் பெண் எப்படி கிளினிக் போவாள்? மாத்திரையை எங்கே ஒளிப்பாள்? புத்தளத்திலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். அந்தப் பயணத்தைப் பொய் சொல்லிக்கொண்டு எத்தனை ஆண்டு தொடரலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடச் சொல்லவில்லை. வைத்தியரை அருகில் வைத்துக்கொண்டு, அவர் தாங்கும் அளவுக்கு, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் மட்டுமாவது மறைக்காதீர்கள். தீராத களைப்பு, காரணமின்றி மெலிதல், இரவில் வியர்த்தல், இடப்பக்க விலாவின் கீழே பாரம் ஆகியன நீடித்தால், "கண்ணூறு" என்று நாள் கடத்தாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சகோதரிகளே, நாளை நம்மில் சிலர் வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் வருவோம், இன்ஷா அல்லாஹ். எல்லோருமே ஏதோவொரு வீட்டில் மகளாக, தாயாக, மாமியாக இருப்போம். அந்த வீட்டில் நோயாளிக்குத் தெரியாமல் கதவுக்குப் பின்னால் பேசும் வழக்கத்தை நாமாவது நிறுத்துவோம்.