பேரூதியமும் கூலியே

கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் தலைமையகம் கொண்ட கூகுள் நிறுவனத்தில் பொறியாளராய் அமர்வதே கல்வியின் முடிந்த பயன் என்னும் எண்ணம் இன்று பள்ளி மேடைகளில் ஓயாது ஒலிக்கிறது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2015ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் தலைமை நிருவாகியான நாள்முதல் அவ்வொலி இன்னும் உரத்துவிட்டது. நல்லாசிரியர் பலர் அவர் பெயரைச் சொல்லி மாணவரைக் கணிதத்தின்பால் ஈர்க்கின்றனர். அதில் பிழையில்லை. ஆனால், அங்குப் பணியாற்றும் பொறியாளர் யார், அவர் கையில் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று எடுத்துரைப்பார் அரியர். அவர் கூலி பெற்று உழைப்பவர். ஊதியம் உயர்ந்தமையால் அவ்வுறவின் தன்மை மாறிவிடுவதில்லை. கூலி என்ற சொல் மலேசியத் தமிழர் செவிக்குக் கசக்கும் என்பது மெய். கசந்தாலும் பொருத்தமான சொல் அதுவே.

வெளியிலிருந்து காண்போர் கண்ணை முதலில் கவர்வது அங்குள்ள வசதிகள். 1998இல் தோன்றிய நிறுவனம் மறுவருடமே தனக்கென ஒரு சமையற்காரரை அமர்த்திற்று. மூவேளை உணவும் விலையின்றிக் கிடைக்கும். வீட்டருகே வந்து ஏற்றிச் செல்லும் பேருந்தில் இணையத் தொடர்பும் உண்டு. இதனை விருந்தோம்பல் என்று போற்றுவோர், இருக்கையில் அமர்ந்தவுடனே வேலை தொடங்கிவிடுவதையும், இரவுணவுக்கு வீடு திரும்பாதவர் உணவுக்குப் பின் மீண்டும் கணினிமுன் அமர்வதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு வேளைச் சோற்றின் விலை என்ன, ஒரு பொறியாளரின் ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று கணக்கிடத் தெரியாதவரா அந்நிறுவனத்தை நடத்துகின்றனர்?

வேலையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2015ஆம் ஆண்டுக் கணக்கின்படி, கூகுளின் நிரல்கள் பெரும்பாலும் ஒரே களஞ்சியத்தில் இருந்தன. அவை ஏறத்தாழ 2 பில்லியன் வரிகள். அவற்றின்மேல் வேலை செய்த பொறியாளர் 25,000 பேர். ஒருவர் எழுதும் மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்பியபின்னரே அது களஞ்சியத்துள் சேரும். இவ்வொழுங்கு போற்றத்தக்கது, பிறர் எழுத்தைப் பொறுமையுடன் படித்துத் திருத்தும் பழக்கம் எத்துறைக்கும் நன்று. எனினும், கற்பனைக்கும் நடப்புக்கும் உள்ள தொலைவு பெரிது. உலகையே மாற்றும் கருவியைத் தாமே ஆக்கப்போவதாக எண்ணிச் செல்லும் இளைஞர், பெரும்பாலான நாள்களில் பிறர் எழுதிய நிரலைப் படிப்பார், கூட்டங்களில் அமர்வார், சில வரிகளை மாற்றுவார். முறைவைத்துக் காவலிருக்கும் வாரங்களும் சிலருக்கு உண்டு. மக்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சேவை பழுதுபட்டால் ஐந்து நிமிடத்துள் கணினிமுன் இருக்கவேண்டும் என்பது அத்தகைய பணிக்கு அந்நிறுவனப் பொறியாளரே எழுதிவைத்த அளவு. நள்ளிரவு என்பது அக்கணக்கில் விலக்கன்று.

ஊதியமும் வசதியும் இத்துணை மிகுதியாய் இருக்க முறையீட்டுக்கு இடமேது என்று கேட்போர் உளர். அவர்க்கு விடை அமெரிக்க நீதிமன்ற ஏடுகளிலேயே இருக்கிறது. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி முதலிய நிறுவனங்கள் ஒன்றன் பொறியாளரை மற்றொன்று வேலைக்கு அழைப்பதில்லை எனத் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டிருந்தன. சந்தைப் போட்டியே முன்னேற்றத்தின் தாய் என்று ஊருக்கு உரைத்தவர்கள், தம் ஊழியரின் விலை ஏறாதிருக்கும்பொருட்டு அதே போட்டியை மறைவில் அடைத்தனர். 2007இல் ஆப்பிளின் பொறியாளர் ஒருவருக்குக் கூகுளின் ஆளெடுப்புப் பிரிவிலிருந்து அழைப்பு ஒன்று சென்றது. ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் உடனே கூகுளின் அன்றைய தலைவர் எரிக் ஷ்மிட்டுக்கு எழுதினார். ஷ்மிட் அப்போது ஆப்பிளின் இயக்குநர் குழுவிலும் இருந்தவர். அழைப்பு விடுத்த ஊழியர் ஒரு மணி நேரத்துள் வேலைநீக்கம் செய்யப்படுவார் எனக் கூகுளிலிருந்து மறுமொழி போயிற்று. அதனை ஜாப்ஸ் ஒரு புன்னகைக் குறி மட்டும் சேர்த்துத் தம் நிறுவன நிருவாகிக்கு அனுப்பிவைத்தார். அமெரிக்க நீதித்துறை 2010இல் வழக்குத் தொடுத்து அவ்வுடன்பாடுகளுக்கு முடிவுகட்டியது. பின்னர் 64,000க்கும் மேற்பட்ட ஊழியர் சார்பில் நடந்த வழக்கில், மேற்குறித்த நான்கு நிறுவனங்களும் 2015இல் 415 மில்லியன் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. வழக்கறிஞர் கட்டணத்தைக் கழிக்கும் முன்னரே தலைக்கு ஏறத்தாழ 6,500 டாலர். பல ஆண்டு அடைபட்ட வாய்ப்புக்கு அதுவே ஈடு!

இனி ஆட்குறைப்பு. 2023 சனவரி 20ஆம் நாள், கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் ஏறத்தாழ 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. அலுவலகக் கணக்கு அடைபட்டிருக்கக் கண்டே செய்தி அறிந்தோர் உண்டு. அந்நிறுவனம் நட்டத்தில் இருந்ததா? 2022இல் அதன் நிகர வருவாய் ஏறத்தாழ 60 பில்லியன் டாலர். முடிவுக்கு முழுப் பொறுப்பையும் தாமே ஏற்பதாகச் சுந்தர் பிச்சை எழுதினார். பொறுப்பேற்றல் என்றால் என்னவென்று தமிழ் அகராதிகளில் தேடினால், பொறுப்பேற்றவர் பதவியில் நீடிப்பதும் பொறுப்பில்லாதவர் வீட்டுக்குப் போவதும் அதன் பொருளாய்க் கிடைக்காது. 2022ஆம் ஆண்டுக்கு அவர்க்கு ஒதுக்கப்பட்ட தொகை 226 மில்லியன் டாலர். அதில் பெரும்பகுதி மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் பங்குகள். தமிழர் ஒருவர் தலைமையில் இருப்பது நமக்குப் பெருமை என்போர், அதே அமெரிக்காவில் எச்-1பி இசைவில் வாழும் தமிழ்ப் பொறியாளரையும் நினைக்கவேண்டும். வேலை போனால், வேறு முதலாளியையோ வேறு இசைவையோ தேடிக்கொள்ள அவர்க்கு உள்ள கெடு 60 நாள். வாடகை வீட்டையும் பிள்ளையின் பள்ளியையும் அக்கெடுவுக்குள் அவர் தீர்க்கவேண்டும்.

பொறியாளர்க்கும் கீழே ஒரு வரிசை இருக்கிறது. 2019 மார்ச்சில் கூகுளில் நேரடி ஊழியர் 102,000 பேர். தற்காலிக, ஒப்பந்தத் தொழிலாளரோ 121,000 பேர். இவர்க்குச் சிவப்பு அட்டை. அவர்க்கு வெள்ளை அட்டை. ஒரே கூடத்தில் ஒரே வேலை செய்தாலும் பங்கும் விடுப்பும் ஒன்றாகா. வெள்ளை அட்டையாளர் தம்மை உடைமையாளராக எண்ணிக்கொள்வதற்கு இவ்வேறுபாடு பெரிதும் துணைபுரிகிறது.

இவற்றை மாணவர்க்குச் சொல்லுதல் ஊக்கத்தைக் கெடுக்கும் என்று அஞ்சும் ஆசிரியர் உளர். சொல்லாமை எதனைக் காக்கிறது? பங்குகள் நான்காண்டில் பகுதி பகுதியாகத்தான் கைக்கு வரும் என்பதும், இடையில் விலகினால் எஞ்சியவை போய்விடும் என்பதும் அறியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவன் நம் மாணவனே.

ஒன்றுபட்டபோது அப்பொறியாளர்கள் வலிமையுடையோராகவும் விளங்கினர். கூகுள் அமெரிக்கப் படைத்துறையோடு செய்த மேவன் என்னும் ஒப்பந்தத்தை எதிர்த்து 2018 ஏப்ரலில் 3,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். சூன் மாதத்தில் அதனைப் புதுப்பிப்பதில்லை என நிருவாகம் இறங்கிவந்தது. செயற்கை அறிவைப் படைக்கலத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதியும் அப்போது பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் 1இல், பாலியல் தொல்லை பற்றிய முறையீடுகளை நிருவாகம் கையாண்ட விதத்தை எதிர்த்து, டோக்கியோ, சிங்கப்பூர் தொடங்கிப் பல நகரங்களில் ஏறத்தாழ 20,000 ஊழியர் வேலையை விட்டு வெளிநடந்தனர். அத்தகைய முறையீட்டை நீதிமன்றம் செல்லவொட்டாது தடுத்த கட்டாய நடுவர்முறை அதன்பின் நீங்கிற்று. 2021 சனவரியில் தொழிற்சங்கமும் அமைந்தது. கூட்டுப் பேரத்துக்கான சட்ட உரிமை இல்லாமலே அது தொடங்கிற்று. 2024 ஏப்ரலில் இசுரேல் அரசுடனான ஒப்பந்தத்தை எதிர்த்து அலுவலகத்தில் அமர்ந்து போராடியதன் தொடர்பில் ஏறத்தாழ 50 பேர் நீக்கப்பட்டனர். படைக்கலம் பற்றிய அந்த உறுதி 2025 பிப்ரவரியில் நிறுவனத்தின் கொள்கை ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது.