சீருடைக்கு மேலே சட்டம்

ராணுவத்தில் இருந்தவர் அரசியலுக்கு வந்தால், அவர் வாங்கிய பதக்கங்களைத்தான் எல்லோரும் பேசுகிறோம். சீருடையா சட்டமா என்று கேள்வி வரும்போது அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையே நான் பார்ப்பேன். அந்த வகையில் அமெரிக்க செனட்டர் டேனியல் இனொயே மீது எனக்குத் தீராத மரியாதை உண்டு.

1924-இல் ஹவாயில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். அறுவைசிகிச்சை நிபுணராக ஆசைப்பட்டார். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியதும், ஜப்பானிய வம்சாவளியினர் மீதெல்லாம் சந்தேகம் விழுந்தது. பட்டாளத்தில் சேரக்கூட அவர்களுக்கு வழியில்லை. 1943-இல் அவர்களுக்கென்றே 442-ஆவது படைப்பிரிவு அமைக்கப்பட்டபோது, படிப்பை விட்டுவிட்டுச் சேர்ந்தார்.

1945 ஏப்ரல் 21. இத்தாலியில் ஒரு மலைமுகடு. ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். கையெறி குண்டை வீச ஓங்கிய நேரத்தில் எதிரியின் குண்டு அவரது வலக்கையைச் சிதைத்தது. வீச வேண்டிய குண்டு இறுகிப்போன அந்த விரல்களுக்குள்ளேயே இருந்தது. இடக்கையால் அதைப் பிடுங்கி எறிந்தார். வலக்கையை எடுக்க வேண்டியதாயிற்று. கத்தி பிடிக்கும் கனவும் அதோடு முடிந்தது.

சட்டம் படித்தார். ஹொனலூலுவில் அரசு வழக்கறிஞரானார். 1959-இல் ஹவாய் மாநிலமானதும் அதன் முதல் பிரதிநிதியாக காங்கிரசுக்குப் போனார். 1963 முதல் 2012-இல் இறக்கும்வரை செனட்டர்.

அந்த நீண்ட வாழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது 1987 ஜூலை மாதத்தை. அமெரிக்க அரசு அதிகாரிகள் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவா கிளர்ச்சிப் படைக்குத் திருப்பிவிட்ட விவகாரம் வெடித்திருந்தது. செனட் விசாரணைக் குழுவின் தலைவர் இனொயே. அந்த விவகாரத்தில் பங்கெடுத்து, சாட்சி சொல்ல வந்த லெப்டினன்ட் கர்னல் ஆலிவர் நார்த், பதக்கங்கள் அணிந்த சீருடையில் உட்கார்ந்திருந்தார். மேலிடத்து ஒப்புதல் இருப்பதாக நம்பியே செய்ததாகச் சொன்னார். தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கு அவர் நாயகனாகிவிட்டார்.

இனொயே அசரவில்லை. படைவீரன் கீழ்ப்படிய வேண்டியது சட்டப்படியான உத்தரவுக்கு மட்டுமே. சட்டவிரோதமான உத்தரவை மறுப்பது அவன் கடமை என்று எடுத்துச் சொன்னார். நாஜிகள் மீதான நூரெம்பெர்க் விசாரணையை நினைவூட்டியதும் நார்த்தின் வழக்கறிஞர் கொதித்தெழுந்தார். நாட்டுக்காகக் கையையே கொடுத்தவருக்கு அந்த நாட்களில் இனவெறி வசைகள் வந்துசேர்ந்தன.

அதே வாதத்தைப் போர்க்களம் பார்க்காத ஒருவர் வைத்திருந்தால், ராணுவத்தை அவமதிக்கிறார் என்று எளிதாக ஒதுக்கியிருப்பார்கள். இனொயேவிடம் அது செல்லாது. உத்தரவு என்றால் என்ன என்பதைக் களத்திலும், சட்டம் என்றால் என்ன என்பதை நீதிமன்றத்திலும் கற்றவர் அவர். செய்த தியாகம் யாரையும் விசாரணைக்கு அப்பாற்பட்டவராக்காது என்பதை உரத்துச் சொல்ல, இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றத்திலும் வேண்டும்.