ஆட்டம் முடிந்த பின்னும்

கால்பந்து வீராங்கனையின் ஆட்டக்காலம் குறுகியது. பதினைந்து வயதில் தொடங்குவது முப்பது வயதை ஒட்டிப் பெரும்பாலும் நிறைவுறுகிறது. முழங்காலில் நேரும் ஒரு காயம் அதை இன்னும் முன்னதாகவே முடித்துவிடக்கூடும். ஆனால், அந்த ஆண்டுகளில் அவர் கற்றவை உடலின் ஓய்வோடு மறைவன அல்ல. பந்து வந்து சேருமுன்பே திடலின் எப்பகுதி வெறுமையாகும் எனக் கணிப்பதும், ஒரு கோல் பின்தங்கிய நிலையில் அணியைக் கலங்காமல் காப்பதும், தோல்விக்கு மறுநாள் காலையில் மீண்டும் ஓடத் தொடங்குவதும் நூல்களால் மட்டும் கற்பிக்க இயலாதவை. அவை அடுத்த தலைமுறையைச் சென்றடைய ஓர் இடம் வேண்டும். கல்லூரித் திடலே அதற்கு உரிய இடம். நாட்டுக்காக ஆடிய பெண்களுக்குக் கல்லூரிகளில் நிலையான பயிற்றுநர் பணி அமைவது, மகளிர் கால்பந்தின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. உலக வரலாறும் நம் நாட்டின் நிலையும் இதனைத் தெளிவாக்குகின்றன.

ஒரு தலைவியின் இரு பணிகள்

மகளிருக்கான முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி 1991ஆம் ஆண்டு நவம்பரில் சீனாவில் நடைபெற்றது. ஆடவர் ஆட்டத்திற்கு 90 நிமிடம். மகளிருக்கோ 80 நிமிடமே ஒதுக்கப்பட்டது. பெண்களின் ஆற்றல்மீது அக்காலம் கொண்டிருந்த ஐயத்தை அந்தப் பத்து நிமிடக் குறைவே உணர்த்தும். இறுதி ஆட்டத்தில் நார்வேயை 2–1 என்ற கணக்கில் வென்று அமெரிக்க அணி கோப்பையைப் பெற்றது. அவ்வணியின் தலைவி ஏப்ரல் ஹைன்ரிக்ஸ்.

வட கரோலினா பல்கலைக்கழக மாணவியாக 1983, 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்ற அணியில் ஆடியவர் அவர். 1990இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மகளிர் அணியின் பயிற்றுநரானார்; அடுத்த ஆண்டு மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அதே பொறுப்பை ஏற்றார். உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய ஆண்டிலேயே, கல்லூரி மாணவியருக்குப் பந்தைக் கட்டுப்படுத்தும் முறையையும் அவர் கற்பித்துவந்தார். அன்றைய வீராங்கனையருக்கு ஆட்டம் மட்டுமே வாழ்வூதியம் தரவில்லை. கல்லூரிப் பணியே அவருக்கு நிலையான ஊதியமும் திடலோடு நீங்காத தொடர்பும் தந்தது.

உலகக் கோப்பைக்குப் பின் ஹைன்ரிக்ஸ் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். மேரிலாந்தில் 1995 வரையிலும், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1996 முதல் 1999 வரையிலும் பயிற்றுநராகத் தொடர்ந்தார். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மகளிர் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவரே. அவரது பயிற்சியில் அவ்வணி சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளியும், 2004இல் ஏதென்சு ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றது. அவ்வெற்றிகளுக்குப் பின்னே பத்தாண்டுக் காலக் கல்லூரித் திடல் அனுபவம் நின்றது என்பதை மறத்தலாகாது.

இது தனி ஒருவரின் கதை அன்று. 1999இல் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் தலைவி கார்லா ஓவர்பெக், 1992 முதலே டியூக் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்றுநராகப் பணியாற்றியவர். கோப்பையை ஏந்திய இரு தலைவியரும் கல்லூரித் திடலில் ஊன்றி நின்றவர்கள்.

சட்டம் திறந்த வாயில்

இவ்வாய்ப்பு தானாகக் கனியவில்லை. 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் பெண்கள் ஆடிய கால்பந்தாட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புச் சங்கங்களின் திடல்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. அத்தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. திறமையும் மக்கள் ஆதரவும் இருந்தும், ஆடுவதற்குத் திடல் இல்லாமையால் ஒரு தலைமுறையின் ஆட்டமே ஒடுங்கியது.

அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்தது. ‘ஒன்பதாம் தலைப்பு’ என வழங்கும் அச்சட்டத்தின் விளைவாகக் கல்லூரிகள் பெண்களுக்கான அணிகளை உருவாக்கின. அணிகள் உருவானதும் பயிற்றுநர்கள் தேவைப்பட்டனர். ஹைன்ரிக்ஸ் போன்றோர் மாணவியராகப் பெற்றதை ஆசிரியராகத் திருப்பித் தர முடிந்தது அவ்வாறே.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் மகளிர் கால்பந்துக்கெனத் தனி அமைப்பு 1975இல் தோன்றியது. 1979–80, 1983 ஆகிய ஆண்டுகளின் ஆசியப் போட்டிகளில் இந்திய மகளிர் இரண்டாமிடம் பெற்றனர். எனினும், மூத்த மகளிர் அணிக்குப் பெண் ஒருவர் தலைமைப் பயிற்றுநராக 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. கோவாவைச் சேர்ந்த முன்னாள் வீராங்கனை மேமோல் ராக்கி அப்பொறுப்பை ஏற்றார். அவரது பயிற்சியில் இந்தியா 2019இல் தெற்காசியக் கோப்பையை வென்றது. நாற்பதாண்டுகளாக ஆடி ஓய்ந்த எத்தனையோ பெண்களின் அறிவு இடைப்பட்ட காலத்தில் எங்கே போயிற்று?

மணிப்பூரின் பெம்பெம் தேவி 1995இல் நாட்டுக்காக ஆடத் தொடங்கி 2016இல் ஓய்வு பெற்றவர். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவருக்கு வாழ்வூதியம் தந்தது மணிப்பூர் காவல்துறைப் பணி. தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த இந்திய வீராங்கனை இந்துமதி கதிரேசன் காவல் உதவி ஆய்வாளர். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் சென்னையில் காவல் பணியில் நின்றார். இப்பணிகள் மதிப்பிற்குரியவை, பல குடும்பங்களைத் தாங்கியவை. ஆயினும், திடலில் கற்றதைக் கற்பிப்பதே வாழ்வூதியம் தரும் பணியாக அமையும் வாய்ப்பு இங்கே அரிது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இல் மணிப்பூரையும் 2023இல் அரியானாவையும் இறுதி ஆட்டத்தில் வென்று தேசிய வாகை சூடியது. அவ்வணிகளில் ஆடியோர் ஓய்வு பெறும் நாளும் வரும். அன்று அவர்களை வரவேற்கக் கல்லூரிகள் அணியமாக இருக்க வேண்டும்.

இரு மறுப்புகள்

சிறந்த ஆட்டக்காரர் சிறந்த பயிற்றுநராவார் என்பதற்கு உறுதி உண்டா என்று கேட்கலாம். இக்கேள்வி நியாயமானது. ஹைன்ரிக்ஸுக்குப் பல்கலைக்கழகத்திலும் 1991 உலகக் கோப்பையிலும் பயிற்சி அளித்த ஆன்சன் டோரன்ஸ், நாட்டு அணி ஆட்டத்தால் புகழ்பெற்றவர் அல்லர். கற்பித்தல் தனிக் கலை. தாம் இயல்பாகச் செய்ததை, செய்ய இயலாதவருக்குப் படிப்படியாக விளக்கும் பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே புகழை மட்டும் கருதிப் பணி தருதல் கூடாது. டி, சி, பி, ஏ எனப் படிப்படியாக உயரும் பயிற்றுநர் உரிமங்களை, ஆடும் காலத்திலேயே வீராங்கனையர் பெறுவதற்கு உதவி வேண்டும். பயின்ற பயிற்றுநரிடம் பன்னாட்டு அனுபவமும் சேருமாயின், அதன் பயன் பெரிது.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிப் பயிற்றுநரை அமர்த்தக் கல்லூரிகளிடம் நிதி உண்டா என்பது இரண்டாவது கேள்வி. உடற்கல்வி இயக்குநர் ஒருவரே எல்லா விளையாட்டுகளையும் கவனிக்கும் கல்லூரிகள் பல. இதற்கு வழி, செலவைப் பகிர்ந்துகொள்வதே. சென்னையின் மேற்குப் புறநகரில் ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரக் கல்லூரிகள் சில ஒன்றிணைந்து ஒரு பயிற்றுநரை அமர்த்தலாம். மாலையில் அத்திடல் பள்ளி மாணவியருக்கும் பயன்படலாம். அப்போது, ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவி, ஆட்டத்தைத் தொடர்வதற்காகத் தொலைவிலுள்ள கல்லூரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளியோடு பந்தை விட்டுவிடவும் வேண்டியதில்லை.

கண்ணெதிரே ஒரு சான்று

கல்லூரி அணியில் ஆடும் மாணவியர் அனைவரும் நாட்டுக்காக ஆடப்போவதில்லை. அவர்களுள் பலர் ஆசிரியராக, அலுவலராக, தொழில்முனைவோராக விளங்குவர். அவர்களுக்கும் அப்பயிற்றுநர் தருவது ஒன்று உண்டு. பெண் ஒருத்தி விளையாட்டையே தொழிலாகக் கொண்டு மதிப்போடு வாழ்கிறாள் என்பதற்கு அவரே சான்றாக நிற்கிறார். “விளையாடி என்ன ஆகப்போகிறாய்?” என்று வீட்டார் கேட்கும்போது, சுட்டிக்காட்டுவதற்கு ஒருவர் இருப்பார்.

வாகை சூடி வருவோருக்கு மாலையும் பரிசுத்தொகையும் அளித்துப் பாராட்டுவது நல்ல மரபு. அதனினும் பெரிய சிறப்பு, ஆட்டம் முடிந்த பின்னும் அவர்களுக்கு ஒரு திடலையும், கற்க ஆர்வமுள்ள மாணவியரையும், மாதந்தோறும் தவறாத ஊதியத்தையும் அளிப்பதாகும்.