தழும்பு மட்டும் போதாது, பழைய எக்கோவும் வேணும்

வில்லாவுட் என்றால் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது தடுப்பு முகாம்தான். அந்த வேலிக்கு வெளியே, சாதாரண வீடுகளில் நம் குடும்பங்களும் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில்தான் அந்த ஐயாவைச் சந்தித்தேன்.

சென்னையில் பைபாஸ் செய்துவிட்டுத் திரும்பியவர். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. "ஒப்பரேசன் செய்தால் களைப்பு இருக்கும்தானே பிள்ளை" என்று சமாளித்தார். மகள் விடவில்லை, எக்கோ எடுக்கக் கூட்டிப்போனார். இதயச் சுவரின் ஒரு பகுதி சரியாக அசையவில்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "ஒப்பரேசனுக்கு முந்தின எக்கோ எங்கே?" அது கையில் இல்லை. இரவிரவாகச் சென்னைக்குப் போன் அடித்து, ஒன்பதாம் நாள்தான் பிரதி வந்தது. பழைய படத்தில் அந்தச் சுவர் நன்றாகவே அசைந்தது. அப்படியென்றால் காயம் புதியது. அதன் பிறகே ஆஞ்சியோகிராமுக்கு நாள் குறித்தார்கள்.

இதய அறுவைக்குப் பின் காயத்தைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின், அறுவை செய்த எல்லோருக்குமே ஏறும். நெஞ்சு நோவு தையலாலும் வரும். ஈசிஜியும் குழப்பும். எக்கோ வலியில்லாமல், கதிர்வீச்சில்லாமல், எந்தச் சுவர் அசையவில்லை, இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா என்று காட்டுகிறது. அந்த நீர் வீடு வந்து சில கிழமைகளுக்குப் பிறகும் சேரலாம். 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிவைத்த முறை இது. ஆனால் ஒரு படம் பழைய தழும்பையும் புதிய காயத்தையும் எப்போதும் பிரித்துச் சொல்லாது. அதற்கு ஒப்பிட இன்னொரு படம் வேண்டும்.

நாங்களோ பில்லைப் பத்திரப்படுத்துகிறோம், படத்தை விட்டுவிட்டு வருகிறோம். சென்னையோ கொழும்போ சிட்னியோ, எங்கே அறுவை நடந்தாலும் முன்பும் பின்பும் எடுத்த எக்கோ அறிக்கையையும் படங்களையும் கேட்டு வாங்குங்கள். போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மருத்துவரிடம் "அப்பா ஓகே" என்று சுருக்கிச் சொல்லாதீர்கள். இங்குள்ள அரச மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம். அப்பா தன் வாயால் தன் மொழியில் சொல்லட்டும். திடீரென மூச்சு முட்டினால், மயங்கினால், நெஞ்சு இறுக்கினால், அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் 000 அழையுங்கள்.

அந்த மகள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ஒரு ஃபைலை மறந்ததுக்கு ஒன்பது இரவு நித்திரை இல்லை அண்ணா."