வேடியப்பனுக்கு ஒரு முப்பரிமாணப் படி



கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் 1993 முதல் இயங்கிவருகிறது. அங்குள்ள நடுகற்களுக்காகவே ஒருமுறை போய்வரலாம். ஆனால் நம் மாவட்டத்து நடுகற்களில் பல இன்னும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வேடியப்பன் என்ற பெயரில் பூசை ஏற்றுக்கொண்டு நிற்கின்றன. அவை அங்கேயே இருக்கட்டும். ஊர் கும்பிடும் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் எண் ஒட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கவலை வேறு. எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு, இப்போது எனாமல் பெயின்ட் என்று படிந்து எழுத்தின் பள்ளம் தூர்ந்துபோகிறது. சாலை அகலமானால், மனை பிரித்தால், கல்லே காணாமல் போகிறது.

பக்கத்து பெங்களூரில் பி.எல். ரைஸ் 1905-ல் தொகுத்து அச்சிட்ட கல்வெட்டுகளில் தமிழும் நிறைய உண்டு. பல கற்கள் இன்று இடத்தில் இல்லை. எஞ்சியவற்றைத் தேடிப்போய், 2021 முதல் முப்பரிமாண ஸ்கேனரால் பதிவுசெய்து வருகிறது அங்குள்ள மிதிக் சொசைட்டி. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படி, தேய்ந்த எழுத்தில் தடுமாறும். ஸ்கேனரோ ஒளியை வீசி, மில்லிமீட்டருக்கும் குறைவான மேடுபள்ளத்தைக்கூட அளந்துவிடும். பிறகு திரையில் வெளிச்சத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்த்துப் பார்க்கலாம். வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத எழுத்து நிழல்கட்டி எழுந்து வரும்.

வார்ப்படத்தையும் அச்சையும் அளக்க இதே வகைக் கருவியைக் கையாளத் தெரிந்த பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டில் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் அவர்கள் பாகலூர்ப் பக்கமோ, போசள மன்னன் ராமநாதன் இருந்து ஆண்ட குந்தாணிப் பக்கமோ போய்வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தொழிற்சாலைகள் மனது வைத்தால் கருவியும் கிடைக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் மண் இது. எந்த மொழியில் வெட்டியிருந்தாலும் நம் ஊர்க் கல்தான்.

ஸ்கேனர் வரும்வரை கைப்பேசி போதும். காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்ந்து விழும்போது கல்லைச் சுற்றிவந்து, ஒரு படத்தின் பாதி அடுத்ததிலும் வருமாறு நெருக்கமாக எடுங்கள். அந்தப் படங்களைக் கோத்தே கணினி முப்பரிமாண உருவம் செய்துவிடும். எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்க வேண்டாம்; கல்லைச் சுரண்டவும் வேண்டாம். பூசாரியிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். ஊர்ப் பெயர், இருக்கும் இடம், ஊரார் அந்தக் கல்லுக்குச் சொல்லும் கதை ஆகியவற்றையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்