இறங்கவும் தெரிய வேண்டும்

மலைப் பந்தயங்களுக்கு ஆள் தயார் செய்வது இப்போது ஒரு நல்ல வியாபாரமாகிவிட்டது. வியாபாரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. சரக்கின் மேல்தான் கோபம். ஒழுங்கான பாதையில்லாத குன்றுகளில், கல்லிலும் சேற்றிலும், ஐம்பது கிலோமீட்டர், நூறு கிலோமீட்டர் ஓட வேண்டுமென்று ஒருவன் ஆசைப்படுகிறான். நல்ல ஆசைதான். உடனே அவன் தலையில் மூன்று சாமான்களைக் கட்டுகிறார்கள். ஒன்று, வாரத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கட்டம் போட்ட அட்டவணை. இரண்டு, நாடித் துடிப்பையும் தூக்கத்தையும் எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம். மூன்றாவது சாமான் இலவசம்: "மனம் வைத்தால் எதுவும் முடியும், வலியைப் பொருட்படுத்தாதே, பாதியில் திரும்புகிறவன் கோழை" என்ற உபதேசம். இந்த மூன்றில் இலவசமாகக் கிடைப்பதுதான் அதிக விலை பிடிக்கும் என்பது என் கட்சி.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்த உபதேசம் கதைப் பட்டறையிலிருந்து களவு போன சரக்கு, அதனால்தான் தலையிடுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்டச் சிகரத்தில் ஏறிக் கொடி நாட்டும் கதாநாயகனை நம் வாசகர்கள் நன்றாக அறிவார்கள். அவன் உச்சியில் நின்றதும் 'முற்றும்' விழுந்துவிடும். எப்படி இறங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. கதையில் இது செல்லும். மலையில் செல்லாது. உச்சியில் முற்றும் போட்டுக்கொள்ள மலை எவனுக்கும் அனுமதி தருவதில்லை.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்ப்போம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டு வேலை செய்கிறது. மூச்சு இரைக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆகவே கஷ்டமெல்லாம் ஏற்றத்தில்தான் என்று தீர்மானித்துவிடுகிறோம். இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சரிவில் வரும் வண்டிக்குப் பிரேக் கட்டை போல. மூச்சு அவ்வளவாக இரைக்காது, சுகமாகவே இருக்கும். ஆனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் விழுவது பெரும்பாலும் இந்த வேலையில்தான். அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும், அதற்கு அடுத்த நாளும், வீட்டுப் படியில் காலை வைக்கும்போது தெரியும். நீண்ட பந்தயத்தில் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது குன்றிலேயே கால்கள் துணி போல் தொய்ந்துவிடும். அப்புறம் மனோதிடம் எத்தனை மூட்டை இருந்தாலும் முழங்கால் கேட்பதில்லை.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. ஒரு முறை இறக்கத்தில் ஓடிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தால் முன்போல் சேதப்படுவதில்லை. தேகம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஆகவே இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகுவதே பயிற்சியில் பாதி. நம் நகரத்து அன்பர்கள் என்ன செய்கிறார்கள்? பத்து மாடிப் படிகளை வியர்க்க வியர்க்க ஏறுகிறார்கள். பிறகு லிஃப்டில் இறங்குகிறார்கள்! கல்லும் வேரும் பள்ளமும் இல்லாத ஓட்ட இயந்திரத்தில், ஒரே மாதிரி பாதம் பதித்து ஆயிரக்கணக்கான அடிகள் ஓடுகிறார்கள். அட்டவணையின் கட்டங்கள் நிரம்பிவிடுகின்றன. கணுக்காலுக்கு மட்டும் மலை என்றால் என்னவென்று தெரியாது.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் என்றொரு பிரதேசம் இருக்கிறது. அங்கே குன்றுக்கு 'ஃபெல்' என்று பெயர். அவற்றுள் ஆகப் பெரிய ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான். உயரத்தைக் கேட்டு யாரும் மயங்கி விழ மாட்டார்கள். ஆனால் மழையும் மூடுபனியும் சதுப்பும் சரளைக் கல்லும் அங்கே எப்போதும் குடியிருக்கின்றன. 1932 ஜூனில், கெஸ்விக் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திவந்த பாப் கிரகாம், 42 குன்றுகளை 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். சுமார் 66 மைல் தூரம். ஏற்றம் மட்டும் கிட்டத்தட்ட 27,000 அடி. புறப்பட்ட இடத்துக்கே திரும்பியவருக்கு இறக்கமும் அதே 27,000 அடி என்பதை, ஏற்றத்தை மட்டும் எண்ணிப் பரவசப்படும் அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

கிரகாமின் உபகரணங்கள் என்ன? டென்னிஸ் விளையாடும் கான்வாஸ் காலணி, நீண்ட கால்சட்டை, மேலே ஒரு பைஜாமாச் சட்டை. ஆகாரம் ரொட்டி வெண்ணெய், அவித்த முட்டை, பழம், மிட்டாய். பயிற்சி என்ன? அந்தக் குன்றுகளிலேயே முன்கூட்டி நடந்து திரிந்தது. காலணி தேயாமல் இருக்கவும் பாதம் உறைக்கவும் வெறுங்காலோடு நடந்தார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அவருக்குப் பின் 28 ஆண்டுகள் இன்னொருவரால் அந்தச் சுற்றை முடிக்க முடியவில்லை. 1960-ல்தான் ஆலன் ஹீட்டன் முடித்தார்.

அதே பிரதேசத்தில் வாஸ்டேல் என்ற பள்ளத்தாக்கில் ஜாஸ் நெய்லர் என்பவர் ஆட்டுப்பண்ணை வைத்திருந்தார். சிறு வயதில் முதுகில் அடிபட்டவர். பிறகு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. 1960-ல் முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்தபோது, வேலைக்குப் போகும் பூட்ஸோடும் முழங்காலளவுக்கு வெட்டிய கால்சட்டையோடும் ஓடினார். 1975-ல் அதே 24 மணிக் கெடுவுக்குள் 72 சிகரங்களைத் தொட்டார். எழுபதாவது வயதில், 2006-ல், 70 சிகரங்களை 21 மணி நேரத்துக்குள் முடித்தார். 2024-ல் தமது 88-வது வயதில் காலமானார். ஆடுகளைத் தேடியும் மடக்கியும் அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியதுதான் அவருடைய அடிப்படைப் பயிற்சி. எந்தக் கல் ஆடும், எந்தப் புல்லுக்குக் கீழே தண்ணீர் நிற்கும், மேற்கே மேகம் எப்படி இறங்கினால் எத்தனை நேரத்தில் மழை வரும் என்பதெல்லாம் எந்த அட்டவணையில் எழுதியிருக்கிறது?

"அப்படியானால் எங்களையும் ஆடு மேய்க்கப் போகச் சொல்கிறீரா?" என்று ஒரு கேள்வி வரும். வரட்டும். ஆடு மேய்த்தவர் எல்லோரும் நெய்லர் ஆகிவிடவில்லை. கிரகாம் ஆடு மேய்த்தவரும் இல்லை. நான் சொல்வது வேறு. எத்தனை கிலோமீட்டரைச் சேமித்து வைத்தாய் என்பதல்ல பயிற்சி. மலையோடு எவ்வளவு பழக்கம் என்பதே பயிற்சி. சமவெளியில் இருப்பவனுக்கும் இது கைகூடும். வாரத்தில் ஒரு நாள் செங்குத்தான ஏற்றம். மேட்டை ஓடிக் கடக்க வேண்டும் என்ற வீம்பில்லாமல், தொடையில் கையை ஊன்றி வேகமாக நடந்து. மிகச் செங்குத்தில் ஓடுவதைவிட நடப்பதே சக்தியை மிச்சப்படுத்தும். பெரிய ஓட்டக்காரர்களே அங்கே நடக்கிறார்கள். இன்னொரு நாள் இறக்கம். சிறு சிறு எட்டாக, பார்வையைப் பாதத்தில் வைக்காமல் நாலைந்து எட்டு முன்னால் வைத்து. விடுமுறை வாய்த்தால் உண்மையான குன்றில் ஒரு முழுப் பகல். தூரத்தை எண்ணாமல் நேரத்தை எண்ணி, நடந்துகொண்டே தின்னவும் குடிக்கவும் பழகி. ஓர் இரவு கைவிளக்கோடு. ஒரு நாள் மழையில், வரைபடமும் திசைகாட்டியும் கையில் பிடித்து. இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. அதனால்தானோ என்னவோ, விளம்பரமும் அதிகமில்லை.

இதெல்லாம் ருசி பேதம், ஆளுக்கு ஒரு முறை என்று விட்டுவிடலாமே? விட முடியாது, உயிர்கள் போயிருக்கின்றன. 2021 மே 22-ஆம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில் நூறு கிலோமீட்டர் மலைப் பந்தயம் ஒன்று நடந்தது. 172 பேர் புறப்பட்டார்கள். மேட்டு நிலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆலங்கட்டியும் உறைபனி மழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொண்டன. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாக இருந்தார்கள். காற்றுக்குத் தாங்கும் மேற்சட்டை கட்டாயச் சாமான்களில் இல்லை. கொண்டுவந்தால் நல்லது என்ற பட்டியலில் இருந்தது. 21 பேர் மாண்டார்கள். அந்நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். மனோதிடம் போதாமல் இறந்தார் என்று அவரைப் பற்றி எந்த உபதேசி சொல்லத் துணிவான்?

குற்றம் ஓடியவர்களுடையதல்ல; பந்தயம் நடத்தியவர்கள் மேலும் அதிகாரிகள் மேலும்தான் விசாரணை குற்றம் சுமத்தியது. ஆனால் நம் பயிற்சிக்கும் அதில் பாடம் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு ஏழு டிகிரி குறைகிறது. நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தால் உடம்பின் சூடு வெகு சீக்கிரம் பறந்துவிடும். முதலில் விரல் மரத்துப்போகிறது. பையில் மழைச் சட்டை இருந்தாலும் எடுத்துப் போட முடியாது. கூடவே புத்தி மங்குகிறது. "திரும்பலாமா, போகலாமா?" என்று நிதானித்து முடிவு செய்ய வேண்டிய அந்த நிமிஷத்தில், முடிவு செய்கிற கருவியே பழுதாகிவிடுகிறது. "வலியைப் பொருட்படுத்தாதே" என்று மாதக்கணக்கில் ஓதி வளர்க்கப்பட்டவன் அப்போது என்ன செய்வான்? முன்னால்தான் போவான். அன்று ஆறு பேர் உயிர் பிழைத்தது ஜூ கமிங் என்ற மேய்ப்பரால். அவர் வானத்தைப் பார்த்ததும் குகைக்குள் ஒதுங்கினார், இப்படிப்பட்ட வேளைக்கென்றே அங்கே துணியும் உணவும் வைத்திருந்தார், தீ மூட்டினார், வெளியே தடுமாறியவர்களை உள்ளே கொண்டுவந்தார். அவர் எந்தப் பந்தயத்துக்கும் பதிவு செய்யாதவர். மலையை அறிந்தவர்.

மலையில் ஓடுகிறவன் மழைக்கான உடை, வரைபடம், திசைகாட்டி, ஊதல், அவசர உணவு இவற்றைச் சுமக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ஃபெல் ஓட்டக்காரர்கள் விதி வைத்திருக்கிறார்கள். பல பந்தயங்களில் புறப்படுமுன் பையைத் திறந்து சோதிக்கிறார்கள். இதைக் கோழைத்தனம் என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

தடுத்து நிறுத்த முடியாத மனோதிடத்துக்கு உதாரணமாக எல்லோரும் எடுத்துக்காட்டும் ஜாஸ்மின் பாரிஸையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் பார்க்லி மாரத்தான் என்ற விபரீதமான பந்தயம் நடக்கிறது. முட்புதர் மண்டிய மலையில் ஐந்து சுற்று; கெடு 60 மணி நேரம்; இடங்காட்டும் கருவிகளுக்குத் தடை. வழியில் ஆங்காங்கே புத்தகங்களை ஒளித்துவைத்திருப்பார்கள். ஓடுகிறவர் தம் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வந்து சாட்சியாகக் கொடுக்க வேண்டும். (புத்தகத்தைக் கிழிப்பதை நான் ஆமோதிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) 2024 மார்ச்சில் ஐந்து சுற்றையும் கெடுவுக்குள் முடித்த முதல் பெண்மணி அவர். கெடு முடிய மீதியிருந்தது 99 வினாடி. கால்நடை மருத்துவர், இரண்டு குழந்தைகளின் தாய். இந்தச் செய்தியைச் சொல்லி, "பார்த்தாயா மனோதிடத்தை!" என்று முடித்துவிடுகிறார்கள். 2022-லும் 2023-லும் அவர் அதே காட்டுக்கு வந்து முடிக்காமல் திரும்பினார் என்பதைச் சொல்வதில்லை. அந்த இரண்டு தடவையும் அவர் தோற்றார் என்கிறது கதை. அந்த இரண்டு தடவையும் அவர் பயிற்சி செய்தார் என்கிறேன் நான். எந்தப் பள்ளம் எந்தப் பக்கம் திரும்புகிறது, இருட்டில் எங்கே வழி தவறும் என்பதை அங்கே போய்த் திரும்பியவருக்குத்தான் தெரியும்.

தனி மனித வீரம் என்ற பேச்சும் இந்த மலைகளில் எடுபடுவதில்லை. பாப் கிரகாமின் சுற்றை இன்று ஓடுகிறவரோடு வழிகாட்டவும் உணவு சுமக்கவும் சாட்சி சொல்லவும் நண்பர்கள் முறை வைத்து உடன் ஓடுகிறார்கள். 1982-ல் பாரோடேல் கல்தச்சர் பில்லி பிளாண்ட் 13 மணி 53 நிமிஷத்தில் முடித்த சாதனையை, 2018-ல் கிலியன் ஜோர்னே 12 மணி 52 நிமிஷமாகக் குறைத்தார். உலகப் புகழ் பெற்ற அவரோடும் அந்த ஊர்க்காரர்கள் ஓடினார்கள். அவர் மட்டும் சும்மா வந்தவரா? பிரனீஸ் மலையில், தகப்பனார் காவல் பார்த்த தங்குமனையில் வளர்ந்த பிள்ளை.

ஆகவே அட்டவணை தயாரிக்கும் நிபுணர்களுக்கு ஒரு கோரிக்கை. உங்கள் கட்டங்களில் இன்னும் ஒரு கட்டம் போடுங்கள். பயிற்சிக் காலத்தில் ஏதாவது ஒரு நாள், மாணவன் குன்றில் ஏறட்டும். உடம்பில் தெம்பு இருக்கட்டும். வானமும் தெளிவாக இருக்கட்டும். உச்சி கண்ணுக்கு எதிரே இருக்கட்டும். நூறடி பாக்கியிருக்கும்போது அவன் திரும்பி இறங்கி வரட்டும். அன்றைய பாடம் அவ்வளவுதான். ஒரு காரணமும் இல்லாத நாளில் திரும்பத் தெரியாதவன், காரணம் இருக்கும் நாளில் திரும்ப மாட்டான். இந்தக் கட்டத்தைப் போட மறுக்கிற நிபுணரிடம் என் வாசகர்கள் யாரும் தங்கள் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.