விளம்பரத்தில் ஒன்று, நேர்காணலில் வேறு

‘நிர்வாகப் பயிற்சியாளர் தேவை, நிலையான சம்பளம்’ என்ற விளம்பரத்தை நம்பிப் போனால், வேலை வீடு வீடாக ஏறி இறங்கிக் காப்பீடு பிடிப்பது என்பதும், வருமானம் கமிஷன் மட்டுமே என்பதும் நேர்காணலில்தான் தெரியவருகிறது. பொய் சொல்லிப் பற்பசை விற்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம். அச்சட்டம் பொருள்களையும் சேவைகளையும் பற்றியது என்பதால் வேலை தேடுபவருக்கு அதில் இடமில்லை. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 31-ஆவது பிரிவோ, வேலையின் தன்மை, நிபந்தனைகள் குறித்து விண்ணப்பதாரரைத் தவறாக வழிநடத்துவதையே தடை செய்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 2021 முதல் விளம்பரத்திலேயே சம்பள வரம்பைச் சொல்லியாக வேண்டும்.

பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாமே என்பார்கள். வெளியூர்க்காரர் பஸ் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் இழந்த பிறகுதான் எழுந்து வருகிறார். வீட்டில் நெருக்கடி உள்ளவர் எழவும் வழியின்றிக் கையெழுத்துப் போடுகிறார். நிறுவனத்தின் தேவை இடையில் மாறலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. மாறியதை நேர்காணலுக்கு அழைக்கும்போதே சொல்லிவிட என்ன தடை? பணியின் தன்மை, சம்பளம், பணியிடம் மூன்றையும் விளம்பரத்தில் கட்டாயமாக்கி, மீறுவோருக்கு அபராதம் விதிக்க அரசு சட்டம் கொண்டுவர வேண்டும்.